பெல்லட் அடுப்புச் சாம்பல்: தொல்லை எது, தீர்வு எது

மரத்தூள், கடலைத் தோடு, உமி இவற்றை அழுத்திச் செய்த சின்னக் குச்சிகள்தான் பெல்லட். அதை எரிக்கும் அடுப்பை விற்கும் கடைக்காரர் எல்லாவற்றையும் விளக்கமாகச் சொல்வார். எத்தனை நிமிடத்தில் சோறு வேகும், ஃபேனுக்கு எவ்வளவு கரண்ட் ஆகும், மூட்டை என்ன விலை என்று. சாம்பலைப் பற்றிக் கேட்டால் மட்டும், "அது ஒரு கைப்பிடிதாங்க வரும், செடிக்குப் போட்டுடுங்க" என்று முடித்துக்கொள்வார். அந்த ஒரு வரியை நம்பி நான்கு ரோஜாச் செடிகளைப் பாழாக்கினேன்.

எங்கள் வீடு தர்மபுரி மாவட்டம் காரிமங்கலம் பக்கம். மூன்று வருடமாகப் பெல்லட் அடுப்புதான், கேஸ் அவசரத்துக்கு மட்டும். இந்த மூன்று வருடத்தில் சாம்பல் கொடுத்த தொல்லைகளை, கண்ணில் படும் அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் தொல்லை எதுவோ அங்கே நேராகப் போய்விடலாம். முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள். அது நெருப்பு விஷயம்.

சாம்பல் தொட்டி மறுநாளும் சுடுகிறது

முதல் மாதம் இரவு ஒன்பது மணிக்கு அடுப்பைத் தட்டி, சாம்பலைக் காலி பெயின்ட் பக்கெட்டில் கொட்டிவிட்டுப் படுத்தேன். மேலே வெள்ளையாக, ஆறிப்போன மாதிரிதான் இருந்தது. காலையில் பக்கெட்டைத் தூக்கினால் கைப்பிடி மட்டும் கூடவே வந்தது. அடிப்பாகம் உருகி சிமென்ட் தரையோடு ஒட்டிக் கிடந்தது. பத்தடி தள்ளி வைக்கோல் போர். அன்றைக்குக் காற்று இல்லாததால் தப்பித்தோம்.

அந்தக் காலத்தில் இரவில் தணலைச் சாம்பலுக்குள் புதைத்து வைத்து, விடிந்ததும் கிளறி ஊதித்தானே அடுப்பு மூட்டுவார்கள்? அதே வேலையைத்தான் உங்கள் பக்கெட்டிலும் சாம்பல் செய்கிறது. காற்றைத் தடுத்து, சூட்டை வெளியே விடாமல் பொத்தி வைக்கிறது. நீறு பூத்த நெருப்பு என்று சும்மா சொல்லவில்லை. உள்ளே இருக்கும் ஒரு கரித்துண்டு மூன்று நான்கு நாள்கூட உயிரோடு இருக்கும்.

செய்ய வேண்டியது:

மூடி போட்ட தகர டின் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். பழைய 15 கிலோ எண்ணெய் டின்னே போதும், மூடிக்கு ஒரு தகரத் தட்டு. ஒன்று நிறைந்ததும் மூடித் தனியாக வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். நிறைந்த டின்னை நான்கு நாளைக்குத் தொடாதீர்கள். டின்னைக் கல் மேலோ வெறும் மண்தரையிலோ வைக்க வேண்டும். பலகை, சாக்கு, கூரைச் சரிவு, மாட்டுக் கொட்டகை, எதன் பக்கத்திலும் வேண்டாம். ஆடி மாதம் நம் பக்கம் காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்கே தெரியும். மூடி மேல் ஒரு கல்லும் வையுங்கள்.

அவசரம் என்று சூடான சாம்பலில் சொம்புத் தண்ணீரை ஊற்றாதீர்கள். குபீரென்று ஆவியும் சாம்பலும் சேர்ந்து முகத்தில் அடிக்கும். அணைத்தே ஆக வேண்டும் என்றால் வெட்டவெளியில் பரப்பி, தள்ளி நின்று தெளியுங்கள்.

ஆறிவிட்டதா என்று பார்க்க: கம்பியால் அடிவரை கிளறி, புறங்கையை மேலே காட்டுங்கள். வெதுவெதுப்பு தெரிந்தால் இன்னும் ஆறவில்லை.

ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொன்று. மார்கழிக் குளிரில் தணல் இருக்கும் அடுப்பையோ சாம்பல் தொட்டியையோ படுக்கும் அறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்தாதீர்கள். புகை வராவிட்டாலும் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

சாம்பல் கறுப்பாக வருகிறது

ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்துப் பாருங்கள். பவுடர் மாதிரி வழுவழுப்பாக, சாம்பல் நிறத்தில் இருந்தால் முழுதாக எரிந்திருக்கிறது. நறநறவென்று கறுப்பு ஒட்டினால் அது கரி. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய எரிபொருளில் ஒரு பங்கு எரியாமலே வெளியே போகிறது.

காரணத்தை இந்த வரிசையில் தேடுங்கள். முதலில், அடுப்பைச் சீக்கிரம் கொட்டுகிறீர்களா? மேலிருந்து பற்றவைக்கும் அடுப்பில் முதலில் எரிவது பெல்லட்டிலிருந்து வரும் வாயு. சுவாலை அடங்கிய பிறகும் அடியில் கரி இருக்கும். ஃபேனை நிறுத்தாமல் விட்டால் அந்தக் கரியும் எரிந்து சாம்பலாகும், பால் காய்ச்ச அந்தச் சூடு போதும். அடுத்து, அடித்தட்டின் ஓட்டைகள் அடைத்திருக்கின்றனவா? ஆறிய அடுப்பைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் தெரியும். தென்னங்குச்சியால் குத்தினால் திறந்துகொள்ளும். மூன்றாவது, ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறதா? பேட்டரி இறங்கியிருக்கலாம், இறக்கையில் பிசுக்கு ஏறியிருக்கலாம். கடைசியாகப் பெல்லட்டின் ஈரம். ஒரு குச்சியை உடைத்தால் 'டக்' என்று முறிய வேண்டும். வளைந்து பொலபொலவென்று உதிர்ந்தால் மூட்டை ஈரம் வாங்கியிருக்கிறது. ஒரு நாள் வெயிலில் போடுங்கள்.

வந்த கரியை வீணாக்க வேண்டாம். சலித்துப் பிரித்து, ஒரு தடவை தண்ணீரில் அலசிவிட்டு, கோமியத்திலோ ஜீவாமிர்தத்திலோ ஒரு வாரம் ஊறவைத்து எருக்குழியில் சேர்க்கலாம். வெறும் கரியை அப்படியே பாத்தியில் போட்டால், செடிக்குப் போக வேண்டிய சத்தை முதலில் அது பிடித்து வைத்துக்கொள்ளும். ஊறவைப்பது அதனால்தான்.

சாம்பலில் கண்ணாடி மாதிரிக் கட்டி வருகிறது

இதற்குப் பெயர் கிட்டம். இரும்பு உருக்கும்போது மிஞ்சும் கசடுக்கும் அதே பெயர்தான். பர்கூர் பக்கத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பு நாலாயிரம் வருடத்துக்கும் மேல் பழையது என்று 2022இல் சட்டப்பேரவையில் அறிவித்தார்கள். இரும்பு உருக்கிய ஊருக்குக் கிட்டம் புதிதா என்ன! ஆனால் சோறு வடிக்கும் அடுப்பில் அது வரக் கூடாது.

பெல்லட்டில் மண் கலந்திருந்தால், மணலில் உள்ள சிலிக்காவும் சாம்பலில் உள்ள பொட்டாசியமும் சேர்ந்து குறைந்த சூட்டிலேயே உருகிவிடும். அது அடித்தட்டின் மேல் இறுகி ஓட்டைகளை மூடும். காற்று குறையும், கரி கூடும், புகை வரும். தரையில் குவித்து அள்ளிய மரத்தூளிலும் கடலைத் தோட்டிலும் செய்த பெல்லட்டில் இது அதிகம். நம் செம்மண் எதில்தான் ஒட்டாது!

ஒரு கைப்பிடி பெல்லட்டை வாளித் தண்ணீரில் போட்டுக் கரைய விடுங்கள். கலக்கி, மேலே இருக்கும் தூளை வடித்துவிட்டு அடியைப் பாருங்கள். எனக்கு ஒரு முறை அடியில் அரை ஸ்பூன் சிவப்பு மண் தங்கியது. அந்தக் கடையில் அதோடு சரி. அடுப்பு ஆறியதும் கிட்டத்தைத் தட்டி எடுத்துவிடுங்கள். சூடாக இருக்கும்போது கம்பி விட்டு நெம்பினால் தட்டு வளைந்துவிடும். கிட்டம் செடிக்கும் ஆகாது, பாத்திரத்துக்கும் ஆகாது. வாசல் கேட்டுக்கு வெளியே வண்டிச் சக்கரம் பதியும் பள்ளத்தில் கொட்டி மிதித்துவிட வேண்டியதுதான்.

திடீரென்று சாம்பல் கூடிவிட்டது

அடுப்பு அதேதான், மூட்டை மாறியிருக்கும். சுத்தமான மரத்தூள் பெல்லட்டில் நூற்றுக்கு ஒரு பங்குதான் சாம்பல். கடலைத் தோட்டில் மூன்று நான்கு பங்கு வரும். நெல் உமி என்றால் பதினைந்திலிருந்து இருபது பங்கு. நாளைக்கு 2 கிலோ எரிக்கும் வீட்டில், மரத்தூள் என்றால் மாதம் அரை கிலோ சொச்சம், உமி என்றால் 10 கிலோ. "ஒரு கைப்பிடி" என்று கடைக்காரர் சொன்னது மரத்தூள் கணக்கு.

உமிச் சாம்பலைச் சுலபமாகக் கண்டுபிடிக்கலாம். எரிந்து முடிந்த பிறகும் பெல்லட் தன் உருவத்தோடே, வெளிறிப்போய் நிற்கும். விரலால் தொட்டால் சரிந்துவிடும். அதில் பெரும்பகுதி சிலிக்கா, சாம்பல் சத்து குறைவு. மாட்டுக் கொட்டகையில் ஈரம் இழுக்கத் தரையில் தூவ நன்றாக இருக்கும். அள்ளும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள், அந்தத் தூசு நெஞ்சுக்கு நல்லதல்ல.

சாம்பல் போட்ட செடி மஞ்சளாகிறது

என் ரோஜாக் கதைக்கு வந்துவிட்டேன்.

கைப்பிடி கைப்பிடியாக இரண்டு மாதம் வேரைச் சுற்றிப் போட்டேன். புதுத் துளிர் வெளிறியது. இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சைக் கோடாக. அடி இலைகள் நன்றாகவே இருந்தன. சத்துக் குறைவு என்று நினைத்து இன்னும் கொஞ்சம் சாம்பல் போட்டேன்! பிறகு மண்ணை எடுத்துப் போய்ப் பரிசோதித்தபோது கார அமில நிலை (pH) 8.2 என்று வந்தது. ரோஜா கேட்பது 6லிருந்து 6.5.

நடந்தது இதுதான். சாம்பலில் அதிகம் இருப்பது சுண்ணாம்புச் சத்து. மண்ணைக் காரமாக்கும். காரம் ஏறிய மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் கரையாது, வேருக்குக் கிடைக்காது. அதனால் துளிர்தான் முதலில் வெளுக்கும். அடி இலையிலிருந்து மஞ்சள் ஏறினால் அது வேறு விஷயம், பெரும்பாலும் தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவு.

சாம்பலைத் தோட்டத்தில் போடுங்கள் என்கிற அறிவுரை பெரும்பாலும் குளிர்நாடுகளிலிருந்து வருகிறது. அங்கே மழையில் சுண்ணாம்பு கரைந்து ஓடி மண் அமிலமாகிப் புளித்துக் கிடக்கும், சாம்பல் அதைச் சரிசெய்யும். நம் பக்கம் பல இடங்களில் ஒரு முழம் தோண்டினால் சுக்கான் கல், அதாவது சுண்ணாம்புக் கல். போர்த் தண்ணீரும் காரம்தான். குடிக்க ஒகேனக்கல் தண்ணீர் வந்துவிட்டது, செடிக்கு இன்னும் போர்த் தண்ணீர்தானே? ஏற்கெனவே காரமான மண்ணுக்கு மேலும் காரம் எதற்கு?

பெயரும் நம்மை ஏமாற்றுகிறது. பொட்டாசியத்துக்குத் தமிழில் சாம்பல் சத்து என்றே பெயர் வைத்துவிட்டோம். அது இருப்பது உண்மைதான், மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) கொஞ்சம் உண்டு. ஆனால் தழைச்சத்து துளியும் இல்லை, எரியும்போதே அது புகையோடு போய்விடுகிறது. சாம்பலை உரம் என்று நினைக்காதீர்கள், ஊறுகாய் மாதிரி தொட்டுக்கொள்ளத்தான்.

சரி, மஞ்சளான செடிக்கு என்ன செய்வது? சாம்பலை நிறுத்துங்கள். மேல் மண்ணை இரண்டு விரல் ஆழம் சுரண்டி எடுத்துவிட்டு மக்கிய தொழுவுரம் போடுங்கள். நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று விற்கும் இரும்பு சல்பேட் வேண்டாம், உரக் கடையில் இரும்பு சல்பேட் என்று கேட்டு வாங்குங்கள். லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம், கூட 1 கிராம் சிட்ரிக் அமிலம். மாலையில் இலையில் தெளித்து, பத்து நாள் விட்டு இன்னொரு முறை. எனக்கு மூன்றாவது தெளிப்புக்குப் பிறகுதான் பச்சை திரும்பியது. நான்கில் இரண்டு செடிகள் பிழைத்தன.

மண் பரிசோதனை பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள். கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு எலுமிச்சங்கிரி. 7க்கு மேல் வந்தால் பாத்தியில் நேரடியாகப் போடாதீர்கள். 6க்குக் கீழே வந்தால் மட்டும் 1000 சதுர அடிக்கு ஆண்டுக்கு 5 கிலோ வரை தூவிக் கொத்திவிடலாம். அப்போதும் நாற்றங்காலிலும் உருளைக்கிழங்கிலும் வேண்டாம். சாம்பலின் உப்பு முளையைக் கருக்கும், காரம் ஏறினால் கிழங்கில் சொறி விழும்.

எருக்குழியில் மூக்கைப் பொத்தும் நெடி

பச்சைச் சாணம், கோமியம், யூரியா, இதில் எதன் மேலாவது சாம்பலைக் கொட்டியிருப்பீர்கள். காரம் பட்டதும் தழைச்சத்து அம்மோனியாவாகக் கிளம்பிவிடும். கண் எரிகிற அந்த நெடி உங்கள் எருவின் சத்துதான். காய்ந்த இலை, சருகு நிறையப் போட்டுப் புரட்டி மூடுங்கள். இனிமேல் ஒரு கூடைக் குப்பைக்கு ஒரு கைப்பிடி, அதுவும் சருகு அடுக்கின் மேல்.

பாத்திரம் கீறுகிறது, கறுக்கிறது, கை எரிகிறது

அத்தைக்கு வயது எழுபத்தி நாலு. இன்றைக்கும் பித்தளைக் குடத்தைப் புளியும் சாம்பலும் போட்டுத்தான் தேய்ப்பார். முதன்முதலில் பெல்லட் சாம்பலைக் கொடுத்தபோது இரண்டு தேய்ப்பு தேய்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஏம்மா, இது சாம்பலா, ஆத்து மணலா? குடம் பூரா கோடு கிழிக்குது."

"சலிச்சுட்டுத்தான் வெச்சேங்க அத்தை."

"எதுல, கோதுமை சல்லடையிலயா? வேட்டித் துணியில சலி."

சரியாகத்தான் சொன்னார். பொடிக் கிட்டம் கோதுமைச் சல்லடைக் கண்ணில் இறங்கிவிடும். பழைய வேட்டியை டின் வாயில் கட்டி, மேலே சாம்பலைப் போட்டுத் தட்டினால் மாவு மாதிரி இறங்குவது மட்டும்தான் பாத்திரத்துக்கு. உமிச் சாம்பலைத் துணியில் சலித்தாலும் எவர்சில்வரைக் கீறும், அதை விட்டுவிடுங்கள். நான்ஸ்டிக் பக்கம் எந்தச் சாம்பலும் போகக் கூடாது.

அலுமினியச் சட்டி கறுத்தால் காரணம் கீறல் அல்ல, காரம். ஈரச் சாம்பல் அலுமினியத்தை அரிக்கும். பூசி ஊறவைக்கவே வேண்டாம், அலுமினியத்துக்கு சோப்புதான்.

கை எரிவதற்கும் அதே காரம். விறகடுப்புச் சாம்பலில் பழகிய கைக்குக்கூட, கரியில்லாமல் வெள்ளையாக எரிந்த சாம்பல் சுள்ளென்று பிடிக்கும். நிறையத் தண்ணீரில் கழுவி, தேங்காய் எண்ணெய் தடவுங்கள். கண்ணில் பட்டால் கால் மணி நேரம் விடாமல் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு, டாக்டரிடம் போங்கள்.

அவரையில் தூவியும் அசுவினிப் பூச்சி போகவில்லை, இலைதான் கருகியது

வெயிலில் தூவியிருப்பீர்கள், அல்லது அள்ளி வீசியிருப்பீர்கள். சலித்த சாம்பலை மெல்லிய துணியில் மூட்டையாகக் கட்டி, விடியற்காலைப் பனி இலையில் இருக்கும்போது மேலே தட்டிக்கொண்டே போக வேண்டும். கொடி மேல் மெல்லப் புகை படிந்த மாதிரி இருந்தால் போதும். பூவில் விழ வேண்டாம், தேனீ வராது. இரண்டாம் நாள் தண்ணீர் அடித்துக் கழுவிவிடுங்கள். கூட்டம் கூட்டமாக அப்பிய பிறகு சாம்பல் கேட்காது, அந்த நுனியைக் கிள்ளிப் போட வேண்டியதுதான்.

சாம்பலில் போட்ட விதையிலும் வண்டு

முட்டை காட்டிலேயே வைக்கப்பட்டு, விதையோடு வீட்டுக்கு வந்திருக்கும். சாம்பல் முட்டையைக் கொல்வதில்லை. விதைகளுக்கு நடுவே இடைவெளியை அடைத்து வண்டை நடமாட விடாமல் செய்வதுதான் அதன் வேலை. எனவே துவரை, தட்டைப்பயறு, அவரை எதுவானாலும் மூன்று நாள் நல்ல வெயிலில் காயவைத்து, சூடு ஆறியதும், விதை அளவுக்குச் சமமாகச் சாம்பல் கலந்து, பானையின் மேலே இரண்டு விரல் கனத்துக்குச் சாம்பலால் மூடுங்கள். ஈரம் வாங்கிய சாம்பல் கூடாது. கட்டிப்பட்டிருந்தால் அது ஈரம் வாங்கியதுதான். மழையில் நனைந்தது என்றால் அதிலிருந்த சாம்பல் சத்தும் கரைந்து போயிருக்கும்.

சாம்பலில் ஆணி, பளபளப்பு, எரியும்போது பசை வாடை

பிளைவுட் பட்டறைத் தூள், பெயின்ட் அடித்த பழைய மரம், மருந்து ஏற்றிய கட்டை இதெல்லாம் அந்தப் பெல்லட்டில் கலந்திருக்கலாம். இந்தச் சாம்பலைச் செடிக்கோ, பாத்திரத்துக்கோ, விதைக்கோ, மாட்டுக்கோ தொடவே தொடாதீர்கள். கிணற்றோரம், ஏரிக்கரை, சாக்கடை எங்கும் கொட்டக் கூடாது. மீதி மூட்டையைக் கடையில் திருப்பிக் கொடுங்கள். வாங்க மறுத்தால் சண்டை போடலாம், நான் போட்டேன், பாதிப் பணம் வந்தது.

அந்தச் சாம்பலை நான்கு நாளுக்குப் பதில் ஒரு வாரம் டின்னில் ஆறவிட்டு, கெட்டியான பையில் இறுகக் கட்டி, குப்பை வண்டியில் தனியாகக் கொடுக்கிறேன். மேலே 'சாம்பல்' என்று எழுதியும் வைப்பேன். வண்டியில் வரும் அக்கா அந்த எழுத்தையெல்லாம் பார்ப்பதில்லை. பையை வாங்கியதும் முதலில் புறங்கையை அதன் மேல் வைக்கிறார். "ஆறிடுச்சுங்கக்கா" என்று நான் சொன்ன பிறகும், கையை எடுக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வண்டிக்குள் போடுகிறார்.